பெயரும் மொழியும் உறவும்: பிரான்சில் குடியேறும் புதுவைக் குடும்பங்களும் அவர்தம் குழந்தைகளும்

இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 ஆம் நாள் செய்துகொண்ட ஒப்பந்தம் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளையும் இந்தியாவுக்கு உரியனவாக்கிற்று. ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்றே நடைமுறையில் கைமாறியிருந்தபோதிலும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவெய்தியது. அந்நாளிலிருந்து ஆறு திங்களுக்குள், இப்பகுதிகளில் பிறந்து வாழ்ந்துவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எழுத்து மூலம் அறிவித்தால் தம் பழைய குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு அறிவித்தனர்.

இவ்வொப்பந்தத்தில் குழந்தைகளைப் பற்றிய ஒரு விதி நம் கவனத்திற்குரியது. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பே முடிவு செய்யும். தந்தை உயிருடன் இல்லையேல் தாயின் அறிவிப்பும், இருவருமே இல்லாவிடில் காப்பாளரின் அறிவிப்பும் முடிவு செய்யும். அப்பிள்ளைகளின் பெயர்களும் அவ்வறிவிப்பிலேயே குறிக்கப்பெற வேண்டும். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அதன் பின் வரும் தலைமுறைகளுக்கும் எந்த நாடு உரியது என்பதை வாப்பாவின் ஒரு கையெழுத்து தீர்மானித்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதாதலின், புதுவையில் பிறந்து புதுவையிலேயே வளரும் குழந்தையும் பிரெஞ்சுக் குடிமகனாக இருத்தல் கூடும். கைக்குழந்தையுடன் பாரிசுக்கு விமானம் ஏறும் புதுவைக் குடும்பங்கள் பலவற்றின் பயணம் இவ்வரலாற்றிலிருந்தே தொடங்குகின்றது.

ஆயினும், அக்குழந்தை தன் உம்மாவை எம்மொழியில் அழைக்கும், முல்லா வீதியிலிருக்கும் பாட்டியோடு எவ்வாறு உரையாடும், தன் பெயரின் பொருளை அறியுமா என்பனவற்றை எந்தக் கையெழுத்தும் தீர்மானிக்க இயலாது. அவை வீட்டிற்குள் நாள்தோறும் தீர்மானிக்கப்படுபவை. பெரும்பாலும் குழந்தைக்கு ஆறு வயது நிறைவதற்குள் முடிவாகிவிடுபவை. அவற்றையே இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

முன்னோர் சென்ற வழி

பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த இந்தியர்கள், அவர்கள் எச்சமயத்தவராயினும், தத்தம் வழக்கங்களின்படியே தீர்ப்பளிக்கப்பெறுவர் என்று 1819 சனவரி 6 ஆம் நாள் ஆணை உறுதி கூறியிருந்தது. பின்னர், 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் ஆணை, தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புவோருக்கு வழி திறந்தது. அவ்வாறு துறந்தோர் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொள்ள வேண்டும். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தைப் பின்பற்றிய முஸ்லிம்களுள் பெரும்பாலோர் இவ்வழியை நாடவில்லை.

எனினும் பயணத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. பிரான்சு 1859 இல் சைகோனைக் கைப்பற்றிய பின், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் படைவீரர்களும் காவலர்களும் எழுத்தர்களும் அங்குச் சென்றனர்; துணி வணிகத்தில் தமிழ் முஸ்லிம்கள் கால் ஊன்றினர். சைகோனின் நடுவே தோங்து தெருவில் 1935 இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களின் கொடையாகும். வியட்நாமியப் பெண்டிரை மணந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வீடுகளில் பிறந்த குழந்தைகள் தாயிடம் வியட்நாமிய மொழியும், தந்தையிடம் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், ஓதும் இடத்தில் அரபு எழுத்தும் கற்று வளர்ந்தனர். 1954 இலும் 1975 இலும் அந்நாட்டில் நிகழ்ந்த மாற்றங்களின்போது, அக்குடும்பங்கள் சில புதுவைக்கும் சில பிரான்சுக்கும் பெயர்ந்தன. இவர்களோடு, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் புதுவையில் ‘சொல்தா’ என்று அழைக்கப்பெற்றோரின் பிள்ளைகளும் சேர்ந்து, பாரிசைச் சூழ்ந்த சார்செல், கார்ழ் போன்ற புறநகர்களில் குடியமர்ந்தனர். இன்று செல்லும் இளங்குடும்பம் பெரும்பாலும் இத்தகைய உறவினர் ஒருவரின் வீட்டு முகவரியைக் கையில் வைத்துக்கொண்டே செல்கின்றது.

ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும்

குழந்தை பிரான்சில் பிறக்குமாயின், குடும்பம் முதலில் எதிர்கொள்வது பெயர்ப் பதிவு. பிறந்த நாளை நீக்கி ஐந்து நாளுக்குள், நகரமன்ற அலுவலகமாகிய ‘மேரி’யில் பிறப்பையும் பெயரையும் பதிந்தாக வேண்டும். 2016 இல் சட்டம் திருத்தப்படுமுன் இத்தவணை மூன்று நாளாகவே இருந்தது. நம் குடும்பங்களிலோ ஏழாம் நாளில் முடி களைந்து, அகீகா கொடுத்து, பெயர் சூட்டுவது வழக்கம். ‘மார்க்கம் ஏழாம் நாள் என்கிறது, சட்டமோ ஐந்தாம் நாள் என்கிறதே’ என்று கலங்குவோர் உளர். இக்கலக்கம் தேவையற்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தமக்கு ஆண்மகவு பிறந்த இரவை அடுத்தே, தம் மூதாதையாரின் பெயரால் இப்ராஹீம் எனப் பெயரிட்டதை அறிவித்ததாக நபிமொழி உண்டு. ஏழாம் நாளும் பிறந்த நாளும் இரண்டுமே நபிவழியாதலின், பதிவை முன்னரும் அகீகாவைப் பின்னரும் வைத்துக்கொள்வதில் தடையேதுமில்லை.

அகீகாவிலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஒப்புதல் பெற்ற அறுப்புக்கூடத்திற்கு வெளியே சமய முறைப்படி அறுப்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றமாகும். எனவே குடும்பங்கள் பல அக்கடமையைப் புதுவையிலுள்ள உறவினரிடம் ஒப்படைக்கின்றன. குழந்தை அங்கே உறங்க, அதன் பெயரால் அறுத்த கறி இங்கே உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடப்படுகின்றது. ஊரைக் காணுமுன்னரே குழந்தைக்கு ஊரோடு ஏற்படும் முதல் உறவு இது.

பெயரை எழுதுவதில் வேறொரு சிக்கல் உண்டு. தமிழ் முஸ்லிம்களுக்குத் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். தலைமுறைதோறும் அது மாறும். பிரெஞ்சுப் பதிவேடோ தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயரைக் கேட்கும். அங்கே ஒருமுறை பாட்டனாரின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டால், பேரனும் கொள்ளுப்பேரனும் அதனையே சுமப்பர். மேலும், இந்தியக் கடவுச்சீட்டில் ஆங்கில முறைப்படி ஒருவாறும், பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர்தம் எழுத்து முறைப்படி மற்றொருவாறும் எழுதப்பெறும் ஒரே பெயர், அலுவலகங்களின் கண்ணுக்கு இரு வேறு மனிதர்களாகத் தோன்றும். பின்னர் வாரிசுரிமை, சொத்து ஆகியன எழும்போது இவ்வேறுபாடு பெருந்துன்பம் தரும். ஆதலால் பெயரை முதல் நாளிலேயே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எல்லா ஆவணங்களிலும் ஒரே வடிவில் பதிதல் நன்று.

ஒலியையும் கருத வேண்டும். பிரெஞ்சு நாவில் ‘ஹ’ ஒலி இல்லை. பொறுமையுடையவள் எனப் பொருள்படும் ஹலீமா, அங்கே அலீமாவாகி, அறிவுடையவள் என்னும் பிறிதொரு பொருளைப் பெறுவாள். இது பெருங்கேடு ஒன்றுமன்று. ஆயினும் பள்ளியில் ஒரு பெயராலும் வீட்டில் ஒரு பெயராலும் அழைக்கப்பெறும் குழந்தைக்கு, அதன் மெய்யான பெயரையும் பொருளையும் வீடுதான் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளை அவரவர் தந்தையரோடு சேர்த்து அழைக்குமாறு திருமறையின் 33 ஆம் அத்தியாயம் பணிப்பதன் உட்பொருளும், ஒருவர் தாம் யாருடைய பிள்ளை என்பதை மறந்துவிடலாகாது என்பதே.

நாற்பது நாளும் தொண்ணூறு நாளும்

புதுவையில் ஒரு பெண் மகவீன்றால் அவளைச் சூழ ஒரு கூட்டமே இருக்கும். பத்தியச் சோறு, எண்ணெய்க் குளியல், குழந்தைக்குத் தாலாட்டு, நாற்பதாம் நாள் குளிப்பு என அனைத்தையும் முதியோர் பார்த்துக்கொள்வர். பாரிசுப் புறநகரின் அடுக்குமாடி வீட்டிலோ, கணவன் வேலைக்குச் சென்றபின் தாயும் சேயும் நான்கு சுவருக்குள் தனித்திருப்பர். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழும். இத்தனிமையைப் பலர் வெளியில் சொல்வதில்லை. ‘பிரான்சில் இருப்பவளுக்கு என்ன குறை’ என்று ஊரார் கேட்பர் என்னும் அச்சமே காரணம். ஈன்ற தாயின் மனத்தளர்ச்சி மருத்துவம் பார்க்கத்தக்க நோய் என்பதையும், அது நன்றி கெட்ட தன்மையன்று என்பதையும் குடும்பத்தார் உணர்தல் வேண்டும்.

இதற்குத் துணையாக இரு வழிகள் உள. முதலாவது, தாயின் தாயை வரவழைத்தல். குறுகிய கால நுழைவிசைவில் வருவோர் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். நாற்பது நாள் பேறுகாலத்தைக் கழித்து, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம் வரை அவர் உடனிருக்க இக்காலம் போதுமானது. இரண்டாவது, அந்நாட்டு அரசு அமைத்துள்ள தாய் சேய் நல நிலையங்கள். 1945 நவம்பர் 2 ஆம் நாள் ஆணையால் தோன்றிய இவை ஆறு வயது வரை குழந்தைகளைக் கட்டணமின்றிப் பார்க்கின்றன. வேண்டுமிடத்து வீட்டிற்கும் செவிலியரை அனுப்புகின்றன. பிறப்பின்போது வழங்கப்பெறும் நலக் குறிப்பேட்டில் எடை, உயரம், தடுப்பூசி ஆகிய அனைத்தும் பதிவாகும். புதுவையில் முன்னரே போட்ட தடுப்பூசிகளின் சான்றைக் கையோடு கொண்டு செல்வது அவசியம். 2018 சனவரி முதல் பிறந்த குழந்தைகளுக்கு 11 நோய்களுக்கான தடுப்பூசிகள் அங்குக் கட்டாயமாக்கப்பட்டன. 2025 இல் அப்பட்டியல் மேலும் நீண்டது. இச்சான்றின்றிக் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது கடினம்.

தாயின் பெயர் கொண்ட பள்ளி

மூன்று வயதில் குழந்தை மழலையர் பள்ளிக்குச் செல்லும். 2019 ஆம் ஆண்டுக் கல்வித் தொடக்கம் முதல், கட்டாயக் கல்வியின் வயது ஆறிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. இப்பள்ளிக்குப் பிரெஞ்சில் ‘எக்கோல் மாத்தெர்னெல்’ என்று பெயர்; தாய்மைக்குரிய பள்ளி என்பது அதன் பொருள். தாயின் பெயரைக் கொண்ட அப்பள்ளியில் நம் குழந்தை முதன்முதலாகத் தாயின் மொழி ஒலிக்காத ஓரிடத்தில் நுழைகின்றது. சில திங்கள் அது வாய் திறவாமல் இருத்தல் இயல்பு. புதுமொழியைக் காதில் வாங்கிச் சேமிக்கும் காலம் அது. அம்மௌனத்தைக் கண்டு அஞ்சி, வீட்டிலும் தமிழை நிறுத்திவிட்டுத் தமக்கே சரிவரத் தெரியாத பிரெஞ்சில் பேசத் தொடங்கும் பெற்றோரைக் காண்கின்றோம். அன்பு மிகுதியால் செய்யப்படும் இச்செயலால் குழந்தை ஒரு மொழியை இழந்து, மற்றொன்றைப் பிழைபடக் கற்கின்றது.

உணவிலும் பெற்றோர் முன்னறிவோடு நடந்துகொள்ள வேண்டும். பன்றி இறைச்சிக்கு மாற்றுணவு அளிப்பது பள்ளி உணவகங்களின் கடமையுமன்று, அவற்றுக்கு விலக்கப்பட்டதுமன்று என 2020 திசம்பரில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் ஊருக்கு ஊர் நடைமுறை வேறுபடும். சேர்க்கையின்போதே கேட்டறிந்து, இயலாதவிடத்து நண்பகலில் குழந்தையை வீட்டிற்கு அழைத்து வருவோர் உளர். பெருநாளன்று விடுப்புக் கேட்பதில் தயக்கம் வேண்டா. முக்கியச் சமயப் பண்டிகைகளுக்காகப் பிள்ளைகள் வராதிருக்க இசைவளிக்கலாம் என 2004 மே 18 ஆம் நாள் சுற்றறிக்கையே கூறுகின்றது; பெற்றோர் முன்கூட்டி எழுதித் தெரிவித்தால் போதும். அதே 2004 இன் மார்ச்சுச் சட்டம், வெளிப்படையாகச் சமயம் காட்டும் அடையாளங்களை அரசுப் பள்ளி மாணவர்கள் அணிவதைத் தடுத்தது. பெண்மக்களைப் பெற்றோர் இதனை முன்னரே அறிந்திருந்தால், பின்னர் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே சிறுமி தவிக்கும் நிலை நேராது.

இரு மொழியும் ஒரு நாவும்

இரு மொழிகள் குழந்தையின் அறிவைக் குழப்பும் என்னும் எண்ணம் பழையது. அதற்கு மறுப்பும் பழையதே. பிரெஞ்சு மொழியியலாளர் சூல் ரோன்சா, தம் மகன் லூயி, தந்தையிடம் பிரெஞ்சும் தாயிடம் செருமானியமும் கற்றதை நாள்தோறும் குறித்துவைத்து 1913 இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் ஒரு மொழியிலேயே பேசுக என்பது அவர் கடைப்பிடித்த நெறி. சிறுவன் இரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்து பேசினான். நம் வீடுகளில் இந்நெறியை ‘வீட்டிற்கு ஒன்று, வெளிக்கு ஒன்று’ என மாற்றிக்கொள்ளலாம்.

நம் வரலாற்றில் இதனினும் இனிய சான்றுண்டு. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குச் சென்று ஆண்டுகள் பல அங்கு வாழ்ந்தனர். அவர்களின் குழந்தைகள் அம்மண்ணில் பிறந்து வளர்ந்தனர். அவர்களுள் ஒருவரான உம்மு காலித் (ரலி) சிறுமியாக மதீனாவுக்கு வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, வேலைப்பாடமைந்த ஓர் ஆடையைத் தம் கையாலேயே அணிவித்து, அழகியது என்னும் பொருளை அபிசீனியச் சொல்லால் கூறி மகிழ்வித்தார்கள் என்பதைப் புகாரீயில் காண்கின்றோம். அயல்மண்ணில் வளர்ந்த குழந்தையிடம், ‘அம்மொழியை மற’ என்று அவர்கள் கூறவில்லை. அம்மொழியிலேயே அன்பு காட்டினார்கள். நம் முதியோர்க்கு இதில் பாடமுண்டு. விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தை பிரெஞ்சுச் சொல் ஒன்றைச் சொல்லும்போது நகையாடாது, அதனைக் கேட்டுக் கற்று, அதற்கீடான தமிழ்ச் சொல்லைக் கொடுக்கும் பாட்டியிடம் குழந்தை தயங்காது பேசும்.

தமிழில் மட்டுமே கற்கத்தக்க சிலவும் உள. பிரெஞ்சில் வாப்பாவின் தம்பியும் உம்மாவின் தம்பியும் ‘ஒங்க்ள்’ என்னும் ஒரே சொல்லில் அடங்குவர். தமிழில் ஒருவர் சாச்சா, மற்றவர் மாமா. இருவரிடமும் குழந்தைக்குள்ள உரிமைகள் வெவ்வேறு. பிரெஞ்சுக் குடும்பத்தில் பெற்றோரையும் பாட்டியையும் ஒருமையில் விளிப்பதே அன்பின் அடையாளம். அப்பழக்கத்தில் ‘நீ வா’ என்று பாட்டியை அழைக்கும் குழந்தை மரியாதையறியாதது என்று இங்கே ஏச்சு வாங்கும். பிழை குழந்தையுடையதன்று; இரு மொழிகளின் மரியாதை இரு வேறு இடங்களில் அமைந்திருப்பதை யாரும் அதற்கு விளக்கவில்லை. ‘நீங்க’ என்னும் ஒரு சொல்லை இரண்டு வயதிலேயே பழக்கிவிட்டால் இம்மனக்கசப்பு எழாது.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். குர்ஆன் ஓதக் கற்ற கையோடு தமிழையும் படிக்கட்டும் என்று அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்னும் பெருஞ்செல்வத்தை உருவாக்கியவர்கள் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அதில் நூல்கள் யாத்தனர். எழுத்து மாறினும் மொழியைக் காக்கலாம் என்பது இதனால் விளங்கும். பிரெஞ்சு எழுத்தை மட்டும் அறிந்த குழந்தை, அவ்வெழுத்திலேயே பாட்டிக்குத் தமிழில் ஒரு வரி எழுதுமாயின் அதனைத் தடுக்க வேண்டா. தமிழெழுத்தைப் பிறகு கற்றுக்கொள்ளும்.

உம்மா கற்கும் பிரெஞ்சு

இவையனைத்திற்கும் அடிப்படையான ஒன்றைப் பலர் கருதுவதில்லை. தாய்க்குப் பிரெஞ்சு தெரியாத வீட்டில், ஏழு வயதுப் பிள்ளை மருத்துவரிடமும் அலுவலகத்திலும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக நிற்கின்றது. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை அதுவே படித்துச் சொல்கின்றது. தனக்குப் பாதகமானதைச் சொல்லாமலும் விடுகின்றது. நாளடைவில் தமிழ் என்பது இயலாதவர்களின் மொழி என்னும் எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றுகின்றது. பத்து வயதில் அது தமிழில் விடையளிக்க மறுப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

பிரெஞ்சு நன்கறிந்த தாய், தன் பிள்ளையிடம் தமிழில் பேசும்போதோ, அது அவள் விரும்பித் தேர்ந்துகொண்ட மொழியாகின்றது. பிள்ளையும் அதனை மதிக்கின்றது. ஆகவே உம்மா பிரெஞ்சு கற்பதே வீட்டில் தமிழ் நிலைப்பதற்கு அரணாகும். புதிதாகக் குடியேறும் வாழ்க்கைத்துணைவர்களுக்கு அரசே மொழி வகுப்புகளை ஏற்பாடு செய்கின்றது. ‘பிள்ளையை யார் பார்ப்பது’ என்று கூறி மனைவியை அவ்வகுப்புக்கு அனுப்பாத கணவர், தம் வீட்டுத் தமிழின் வாழ்நாளையே குறைக்கின்றார். புறப்படுமுன் புதுவையிலேயே ஆறு திங்கள் பிரெஞ்சு பயின்று செல்வது இன்னும் சிறந்தது. 1826 இல் தோன்றிய பிரெஞ்சு லிசே இன்றும் இயங்கும் நகரில் அதற்கு ஆசிரியர்க்குப் பஞ்சமில்லை.

புதன்கிழமை

பிரெஞ்சு அரசுப் பள்ளியில் சமயக் கல்வி இல்லை. ஆனால் அப்பள்ளிமுறையை வகுத்த 1882 மார்ச்சு 28 ஆம் நாள் சட்டமே, பெற்றோர் விரும்பினால் பள்ளிக்கு வெளியே சமயக் கல்வி அளிக்கும் பொருட்டு, ஞாயிறு தவிர வாரத்தில் மற்றொரு நாளையும் விடுமுறையாக்கியது. நெடுங்காலம் அந்நாள் வியாழனாக இருந்தது. 1972 முதல் புதனாயிற்று. இன்று பெரும்பாலான ஊர்களில் புதன் முழு நாளும், சிலவற்றில் பிற்பகல் மட்டும் ஓய்வு. கிறித்தவக் குழந்தைகளுக்காக விடப்பட்ட அந்நாளில்தான் நம் குழந்தைகள் ஓதப் போகின்றனர், தமிழ் கற்கின்றனர். ஈழத்தமிழர் நடத்தும் தமிழ்ச்சோலைப் பள்ளிகளில் வார இறுதியிலும் இடமுண்டு. 

நோன்பைப் பற்றியும் கூறிவிடுதல் தகும். பாரிசில் சூன் திங்கள் பகல் பதினாறு மணி நேரம். நோன்போ அதனினும் நீண்டது. பருவமெய்தாத குழந்தைக்குக் கடமையில்லையாதலின், கோடையில் அதனை வருத்தலாகாது. ஆஷூரா நாளில் நோன்பிருந்த சிறார் பசித்தழுதபோது கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து மகிழ்வித்த நபித்தோழியரின் வழக்கம் நமக்கு வழிகாட்டி. ரமலான் குளிர்காலத்தில் வரும் ஆண்டுகளில், பகல் எட்டு மணி நேரமே உள்ள நாளொன்றில், முதல் நோன்பைப் பழக்கலாம்.

ஊரோடு உறவு

இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனினும், பிரெஞ்சுக் குடிமக்களாகிய நம் பிள்ளைகள் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையைப் பெற்று, நுழைவிசைவின்றி வந்து செல்லலாம். அட்டை வாயிலைத் திறக்கும். உள்ளே வந்தபின் உறவாடுவது மொழியால்தான். ஈராண்டுக்கு ஒரு முறை வந்து, கடற்கரையையும் துணிக்கடைகளையும் கண்டு திரும்பும் குழந்தைக்குப் புதுவை ஒரு சுற்றுலாத் தலமாகவே தோன்றும். அக்குழந்தையே குத்பா பள்ளியில் தொழுது, பாட்டியோடு சந்தைக்கு நடந்து, சாச்சியின் பிள்ளைகளோடு சண்டையிட்டுச் சமாதானமாகி, ஒரு திங்களேனும் தங்குமாயின், ஊர் அதன் உள்ளத்தில் இடம்பெறும்.

இடைப்பட்ட காலத்திற்குத் தொலைபேசி உள்ளது. நாள்தோறும் கால் மணி நேரம், பெற்றோர் குறுக்கிடாமல், பாட்டியும் பேரக்குழந்தையும் தனியே பேசட்டும். அன்று பள்ளியில் என்ன உண்டது, யாரோடு விளையாடியது, மழை பெய்ததா, பனி பெய்ததா என்பனவற்றைத் தமிழில் சொல்லத் தேடும் ஒவ்வொரு சொல்லும் அக்குழந்தை தானே ஈட்டிய சொல்லாகும். குடியேறிய முதல் வாரத்திலிருந்தே இதனை வழக்கமாக்கிக்கொள்ளுமாறு புறப்படும் குடும்பங்களை வேண்டுகின்றோம்.